கித்தேரி திரும்பிய பக்கம்

வெள்ளமணல் துறையிலிருந்து விசைப்படகுகள் எந்தத் திசைக்குப் போகவேண்டும் என்பதை இரண்டு வருஷமாகக் கித்தேரியின் உச்சந்தலையில் இருந்த கட்டிதான் சொல்லிக்கொண்டிருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மழை வருமா வராதா என்று டிவியில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு சொல்கிறவரை அவர்கள் நம்புகிறார்கள் அல்லவா, அவரைவிடக் கித்தேரியின் கட்டி எவ்வளவோ மேல், ஒரு நாள்கூட அது பேச்சு மாறியதில்லை.

கித்தேரி மீன் விற்கிறவள். அவள் புருஷன் கஸ்பார் படகு ஓட்டுகிறவன். விடிந்ததும் துறையில் ஏலம் எடுத்து, மீனும் ஐஸும் நிறைந்த கூடையைத் தலையில் ஏற்றி, உப்பளம் தாண்டி, தேரிக்காட்டுச் செம்மண் தாண்டி, உள்நாட்டு ஊர்களில் தெருத்தெருவாகக் கூவி விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு மத்தியானம் திரும்புகிற பெண்கள் அந்த ஊரில் நிறையப் பேர், அவர்களில் இவளும் ஒருத்தி. கூடைக்காரிகள் எல்லாருக்கும் உச்சந்தலையில், கூடைக்கடியில் வைக்கிற துணிச் சும்மாடு உட்காரும் இடத்தில் முடி கொட்டி, தோல் தடித்து, காய்ப்புக் காய்த்திருக்கும். அதனால் கித்தேரிக்கு அதே இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று எழும்பியபோது அவளும் அதைக் காய்ப்பு என்றே நினைத்தாள், மற்றவர்களும் தங்கள் தலையைக் குனிந்து காட்டி, "இந்தா பாரு, எனக்கும்தான் இருக்கு, பெருசா சொல்ல வந்துட்டா" என்று கேலி செய்தார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் அன்றைக்கே ஒரு டாக்டரிடம் காட்டியிருப்பார்கள். வெள்ளமணலில் தலையில் எது எழும்பினாலும் அது சும்மாட்டுக் காய்ப்புதான்.

அது எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்து, சீப்பு பட்டாலே ரத்தம் கசியத் தொடங்கிய பிறகு, பக்கத்து டவுனில் ஒரு டாக்டர் கொழுப்புக் கட்டி என்று சொல்லி வெட்டி எடுத்தார். ஒரு வருஷம் ஆவதற்குள், வெட்டின தழும்பின் மேலேயே, முன்னைவிடக் கெட்டியாக, பக்கத்தில் ஒரு குட்டியையும் சேர்த்துக்கொண்டு அது திரும்பி வந்துவிட்டது. சொந்த வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தது.

அப்படித் திரும்பி வந்ததற்குப் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஊறிப்போயிருந்த நேரத்தில், கித்தேரியின் தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. யாரோ பின்னால் நின்று உச்சியைப் பிடித்து மெல்லத் திருகுவதுபோல் இருந்தது அவளுக்கு. நேராக்கினாள், மறுபடி திரும்பியது. தாடையைக் கையால் பிடித்து நேராக்கினாள், கையை எடுத்ததும் மறுபடி அந்தப் பக்கமே போனது. பக்கத்தில் இருந்த பெண்கள் சன்னலில் அப்படி என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள், சன்னலில் கடல்தான் இருந்தது.

பூசை முடிந்ததும் சாமியார் அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, என் பிரசங்கம் அவ்வளவு கசக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல சாமி. தல நிக்க மாட்டேங்கு" என்றாள் கித்தேரி. அதற்குமேல் அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

மறுநாள் விசைப்படகுச் சங்கத் தலைவர் லெயோனின் படகு, எஞ்சின் கோளாறில் நீரோட்டத்தோடு இழுபட்டு, முந்தின நாள் பூசையில் கித்தேரியின் தலை திரும்பிய அதே பக்கமாக, யாருமே வலை போடாத ஒரு இடத்தில் ஒதுங்கி, சும்மா இருப்பானேன் என்று வலையைப் போட்டு, தண்ணீர் விளிம்பைத் தொடும் அளவுக்குப் பாறை மீனை அள்ளிக்கொண்டு வந்தது. கோவிலில் கித்தேரிக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் லெயோன். மீனை இறக்கிப் போட்ட கையோடு நேராக அவள் வீட்டுக்கு வந்து, "மதினி, இன்னைக்கு எந்தப் பக்கம் திரும்புது?" என்று கேட்டார். அன்றைக்குத் தெற்கே திரும்பியிருந்தது. தெற்கே போனார்கள், கிடைத்தது. அடுத்த நாள் வடகிழக்கு, அங்கேயும் கிடைத்தது. அதற்கடுத்த நாள் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட நேரமில்லை, மீனை இறக்கவேண்டியிருந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். பங்கு மண்டபத்திலிருந்து கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கடற்கரைக்கு வந்தது, அதற்கு மேலே ஒரு பெரிய குடை வந்தது. கடலில் இடம் குறிக்க, கரையில் இருக்கிற கோபுரச் சிலுவையையும் பனைமரத்தையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்க்கிற வழக்கம் அவர்களுக்கு உண்டு, இப்போது பனைமரத்தை விட்டுவிட்டு, கோபுரச் சிலுவை, கித்தேரியின் பின்னந்தலை, அவள் மூக்கு என்று கோடு பிடித்தார்கள். படகுகள் கிளம்பும் வரை அவளைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று ஏற்பாடு ஆயிற்று, ஏனென்றால் சிரித்தால் தலை ஆடும், தலை ஆடினால் படகுகள் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பக்கத்து வீட்டில் சாளை பொரித்தால் தலை அடுக்களைப் பக்கம் போய்விடுமோ என்று ஒரு சந்தேகம் வந்து, அதையும் பொரித்தே பார்த்தார்கள், போகவில்லை, உயிரோடு இருக்கிற மீனுக்குத்தான் அது மரியாதை கொடுத்தது. பெண்கள் முறை வைத்து வந்து அவள் கழுத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவினார்கள். சாமியார் ஒன்றும் சொல்ல முடியாமல், அவளுடைய பெஞ்சை மட்டும் சன்னலோரம் மாற்றிப் போட்டு, "பீடத்தப் பாக்க முடியலேன்னா பரவாயில்ல, காது இந்தப் பக்கம்தானே இருக்கு" என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

டீக்கடையில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. மீன் இருக்கிற பக்கம் தலை திரும்புகிறது என்றது ஒரு கட்சி, தலை திரும்புகிற பக்கம் மீன் வருகிறது என்றது இன்னொரு கட்சி. இதில் சண்டை வந்து, ஒரு கல்யாணப் பேச்சுகூட முறிந்தது. கித்தேரியிடம் கேட்டால் அவள் விழித்தாள். தன் கழுத்துக்கு மேலே இருப்பது தன்னுடையதா ஊருடையதா என்பதே அவளுக்கு விளங்காதபோது, மீனா தலையா எது முதலில் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒன்று மட்டும் தெரிந்தது, அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் மீன் சுமந்த பொம்பளையிடம் கடல் எந்தப் பக்கம் என்றுகூட யாரும் கேட்டதில்லை, இப்போது ஊரில் உள்ள அத்தனை ஆம்பளைகளும் விடிந்ததும் அவள் முகத்தில்தான் விழித்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. கடலில் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் படகுகளைக் கட்டிப்போடச் சொல்கிற அந்த இரண்டு மாதத்தில் ஊரே வலை பின்னிக்கொண்டு சும்மா இருக்கும். கழுத்துவலி தாங்காமல் கித்தேரி கஸ்பாரோடு மதுரைக்குப் போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர், வயது நாற்பது இருக்கும், கட்டியைச் சுற்றி வெகுநேரம் தடவிப் பார்த்து, ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்து, பிறகு இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"இது காய்ப்பும் இல்ல, கொழுப்பும் இல்லம்மா. தோல்ல வர்ற ஒரு கட்டி, ரொம்ப அபூர்வமா வரும். புற்று வகைதான், ஆனா மெதுவா வளரும், பெரும்பாலும் வேற இடத்துக்கு ஓடாது. இதுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், வெட்டுன இடத்துக்கே திரும்பி வரும். கண்ணுக்குத் தெரியறது கொஞ்சம்தான், தோலுக்கு அடியில நாலா பக்கமும் விரல் விட்டிருக்கும். அதனால சுத்தி நல்ல தோலையும் சேர்த்து அகலமா எடுக்கணும். தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்டணும். அந்த இடத்துல முடி முளைக்காது. இனிமே தலையில சுமை வைக்கக் கூடாது."

"தலச்சுமை இல்லன்னா நான் பொழைக்கிறது எப்படி டாக்டர்?" என்றாள் கித்தேரி. "சின்னதா எடுத்து விட்டுருங்க."

டாக்டர் கோபப்பட்டார், பிறகு கெஞ்சினார், பிறகு அவள் சம்மதித்த அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, "திரும்பி வரும், வந்தா உடனே வாங்க" என்று சொல்லி அனுப்பினார். தலைச்சுமையைப் பற்றிக் கித்தேரி சொன்னது பொய்யில்லை, ஆனால் அதில் பாதிதான் காரணம். மறுபாதி அந்த நாற்காலி. எந்தப் பாதி பெரிது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கின. ஒரு மாதத்துக்குமேல் அவள் தலை எந்தப் பக்கமும் போகவில்லை, படகுகள் வெறும் வலையோடு வந்தன. ஆனி போய் ஆடி நடுவில் தழும்பு அரித்தது, பிறகு மேடு தட்டியது, பிறகு ஒரு காலையில் தலை கிழக்கே இழுத்தது. அன்றைக்குக் கோவில் மணியை அடித்தார்கள், வெடி போட்டார்கள், கூடைக்காரிகள் வந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கித்தேரியும் சிரித்தாள். தலையில் புற்று திரும்பி வந்ததற்குச் சந்தோஷப்பட்ட பொம்பளை உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குத் தோன்றியது.

அடுத்த தடைக்காலத்துக்குள் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் விரலால் அசைத்தால் தோலோடு சேர்ந்து அசையும், இப்போது அசையவில்லை, ஆணி அடித்ததுபோல் நின்றது. மதுரை டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எலும்பைப் பிடிச்சிருக்கு, கித்தேரியம்மா. மேல் எலும்பையும் கொஞ்சம் செதுக்கி எடுக்கணும். இப்ப எடுத்தா எடுத்துரலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டா எலும்பைத் தாண்டி உள்ள போயிரும், அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது." எலும்பு பார்க்கிற டாக்டரும் தோல் ஒட்டுகிற டாக்டரும் சேர்ந்து கிடைக்கிற நாளைப் பார்த்துத் தேதி சொன்னார். அது தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குகிற அதே வாரம்.

வலைக்கொட்டகையில் ஊர் கூடியது. லெயோன் கெட்ட மனுஷர் இல்லை, பேசுவதற்கு முன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மதினி, போவாண்டாம்னு யாரும் சொல்லல. அடுத்த தடைக்காலத்துல போங்க. இந்த ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்கிடுங்க. இவ்வளவு நாளும் மெதுவாத்தானே வளந்துச்சு?" கூட்டத்தில் ஒருவர், வாழையை வெட்டும்போது கன்றை விட்டுவிடுகிற மாதிரி ஒரு துளி வேரை விட்டுவிட்டு வெட்டச் சொல்லலாமே என்றார். இன்னொருவர், வெட்டி எடுத்ததைக் கடல்தண்ணீரில் போட்டுக் கெபிக் குகையில் மாதா சிலையின் காலடியில் வைத்தால் அது அங்கேயிருந்தே திசை காட்டாதா என்று கேட்டார். அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். பேசப்பேசக் கித்தேரிக்கு அவர்கள் சொல்வதும் நியாயமாகப் பட்டது, டாக்டர் சொன்னதும் நியாயமாகப் பட்டது, இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருக்கும் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. கஸ்பார் ஒரு ஓரத்தில் வலைக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "நீங்க என்ன நெனைக்கிய?"

"எனக்கு ஒண்ணும் ஓடலட்டி" என்றான் கஸ்பார். "நீ போயிருன்னு சொல்ல வாய் வருது. அப்புறம் லெயோன் முகத்தப் பாக்கேன், நம்ம படகுல வாரவன் ஒவ்வொருத்தன் வீட்டையும் நெனைக்கேன். வாய் அடச்சிருது." அவன் அழவில்லை, ஆனால் சோற்றில் கை வைத்தபடியே இருந்தான்.

படகு இறங்கும் நாள் விடிந்தது. கடற்கரை முழுக்க ஆள். படகுகளுக்கு மாலை போட்டிருந்தார்கள், எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கித்தேரியைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் உட்கார்ந்ததுதான் தாமதம், தலையைக் கிழக்கே அப்படி ஒரு இழுப்பு இழுத்தது, இந்த இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு இழுப்பு இழுத்ததில்லை, கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறித்தது. கிழக்கே கடலுக்கு அடியில் மீன் ஊர் ஊராகக் கூடியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குத் திரும்பினால் நாளைக்கும் திரும்புவேன், நாளைக்குத் திரும்பினால் வருஷம் முழுவதும் திரும்புவேன், பிறகு திரும்புவதற்கு நான் இருக்கமாட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் காலையில் அவளுக்குத் தெளிவாகத் தோன்றியது அது ஒன்றுதான்.

எழுந்தாள். கரையில் கிடந்த தன் கூடையை எடுத்து, அலை வந்துபோகிற இடத்தில் குனிந்து, ஈர மணலைக் கைகையாக அள்ளி நிரப்பினாள். தோள் துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, கட்டியின் மேலேயே வைத்தாள். தலையில் சுமை இருந்தால் தலை திரும்பாது. கூடை சுமக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும், யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்பவேண்டும். ஆனால் நிறைந்த கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, ஒரு ஆள் கை கொடுக்கவேண்டும்.

"யாராவது தூக்கி விடுங்க" என்றாள் கித்தேரி.

தினமும் அவளுக்குக் கூடை தூக்கிவிட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள், ஒருத்தி கடலைப் பார்த்தாள். கஸ்பார் படகிலிருந்து தண்ணீரில் குதித்து, இடுப்பளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து, அவளுக்கு எதிரே நின்று, கூடையின் விளிம்பில் கை வைத்தான். வைத்த கை கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. பிறகு தூக்கினான்.

"பிடிச்சிக்கிட்டியா?"

"பிடிச்சிக்கிட்டேன்."

அவள் மேற்கே நடந்தாள். ஈர மணலின் கனம் கட்டியை அழுத்தி, கண் இருட்டியது, காதோரம் ரத்தம் வழிந்தது, ஆனால் தலை திரும்பவில்லை. ஊர் கொஞ்சநேரம் திகைத்து நின்றது. பிறகு யாரோ, "மேக்க போறாவ, மேக்கதான் இருக்கு போல" என்று சொல்ல, ஆட்கள் படகுகளிலிருந்து இறங்கி, வலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் பின்னால் வரிசையாக நடக்கத் தொடங்கினார்கள். மேற்கே கடல் இல்லையே என்று ஒருவன் கேட்டதற்கு, அந்தக் கட்டி எப்போது தப்பாகச் சொல்லியிருக்கிறது என்று மற்றவர்கள் அவனை அதட்டினார்கள். கோவிலைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மதுரை பஸ் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது.

லெயோன் முன்னால் வந்து நின்றார். "மதினி, ஒரு நாள். இன்னைக்கு மட்டும். எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போங்க."

கித்தேரி அவரைச் சுற்றிக்கொண்டு பஸ் படிக்கு நடந்தாள், வாய் திறந்தால் கிழக்கு என்றுதான் வரும். கஸ்பார் கூடையை அவள் தலையிலிருந்து இறக்கவே இல்லை, அப்படியே படியேற்றிவிட்டான். மண்ணைக் கொண்டுபோய் மதுரையில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்ட கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினான். வலைகளோடு நின்ற ஊர் பின்கண்ணாடியில் சின்னதாகி மறைந்தது.

அறுவை சிகிச்சை ஒரு பகல் முழுக்க நடந்தது. "எலும்பு உள்பக்கம் சுத்தமா இருந்துச்சு, சுத்தி நல்ல தோல் வரைக்கும் எடுத்தாச்சு" என்றார் டாக்டர். "திரும்பி வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வந்து காட்டணும்." தலை முழுக்கக் கட்டோடு, தொடையில் ஒரு கட்டோடு, கித்தேரி மறுநாள் சாயங்காலம்தான் சரியாகக் கண் விழித்தாள். விழித்தபோது கஸ்பார் கையில் போன் இருந்தது. வெள்ளமணலில் ஒரு படகுகூட இறங்கவில்லை, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் எல்லாப் படகும் கரையிலேயே நிற்கிறது, லெயோன் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறார் என்றான்.

"குடுங்க" என்றாள்.

"மதினி" என்றது லெயோனின் குரல். பின்னால் எஞ்சின்கள் ஓடுவது கேட்டது. "எந்தப் பக்கம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கிழக்கே இழுக்கிறதா, தெற்கே இழுக்கிறதா என்று கழுத்தைக் கேட்டுப் பார்த்தாள். தலை தலையணையில் கிடந்தது, யாருடைய தலையும் கிடப்பதுபோல. அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, யாரையோ கைவிட்டுவிட்டதுபோலவும் இருந்தது.

"தெரியல தம்பி" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ என்னவோ கேட்டார்கள், லெயோன் போனை வாயிலிருந்து விலக்கி, "தெரியலையாம்" என்று சொல்வது கேட்டது. அதற்குப் பிறகும் அவர் போனை வைக்கவில்லை.

"சரி மதினி. நாங்க போட்டுப் பாக்கோம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வலிக்குதா மதினி?" என்று கேட்டார்.

இந்த இரண்டு வருஷத்தில் அந்தக் கட்டியைப் பற்றி அந்த ஊர் கேட்காத கேள்வி இல்லை, எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம், என்ன மீன், எப்போது திரும்பும் என்று எல்லாம் கேட்டிருக்கிறது, இதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கித்தேரிக்கு அது பதில் சொல்லப் பழக்கமில்லாத கேள்வியாக இருந்ததால் கொஞ்சம் தடுமாறினாள்.

"வலிக்கு தம்பி" என்றாள். "ரொம்ப வலிக்கு." சொல்லிவிட்டு, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.